பார்த்தவன் கேட்கக் கூடாது

சோலைமலை அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவரோடு சீட்டாடினேன். தெரிந்தே ஜெயித்தேன்!

இனி இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதை, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன் பாருங்கள்... நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை அதிலிருந்தே நீங்கள் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

எழுபதுகள் முடியப் போகிற நேரம். காளவாசலில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மனமகிழ் மன்றம் இருந்தது. பெயர்தான் அப்படி. அங்கே எவன் மனமும் மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. சில மேசைகள், முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, பொழுது சாய்ந்தால் மங்கிப்போகும் குழல்விளக்கு, சுவரில் ஒரு பலகை. நான் கோச்சடையில் குடியிருந்தேன். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் எனக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் மன்றத்தில் மூணு சீட்டுப் போட்டி நடக்கும். காசு கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் வில்லைகள் தருவார்கள். தீர்ந்தவன் எழுந்துகொள்ள வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவனின் பெயரைப் பெயிண்டரை வரவழைத்து மஞ்சள் எழுத்தில் அந்தப் பலகையில் எழுதுவார்கள். அதுதான் பரிசு.

சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கு அது வேண்டியிருந்தது ஐயா! பத்துப் பேர் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் என் பெயர் ஒரு தடவையாவது இருக்க வேண்டும் என்று வெறி பிடித்துத் திரிந்தேன். மூன்று முறை கடைசிச் சுற்றுவரை போய்த் தோற்றிருந்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு. பார்த்தும் ஆடலாம், கவிழ்த்து வைத்து, பார்க்காமலும் ஆடலாம். பார்க்காதவன் ஒரு வில்லை கட்டினால் பார்த்தவன் இரண்டு கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் மடக்கிவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் இருவர் மிஞ்சும்போது ஒருவன் 'ஷோ' கேட்பான், சீட்டைத் திறந்துவிடுவார்கள். ஆனால் ஒரு விதி உண்டு. பார்க்காமல் ஆடுகிறவனிடம், பார்த்தவன் ஷோ கேட்கக் கூடாது. அவனாகத் திறக்கும்வரையிலோ, அவன் வில்லை தீரும்வரையிலோ இரட்டிப்பாகக் கட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

சோலைமலை அண்ணனுக்குப் பரவைச் சந்தையில் கத்தரிக்காய் மண்டி. ஞாயிறு மதியம் ஏலமெல்லாம் முடித்துவிட்டு மன்றத்துக்கு வருவார். பெரிய உடம்பு, மாடிப்படியிலேயே கேட்டுவிடுகிற சிரிப்பு. சின்ன வயதில் கருவேல முள் குத்தி இடது கண் போனவர். மிச்சம் இருந்தது ஒன்றுதான். முதலில் எல்லோரையும் போலச் சீட்டைப் பார்த்துத்தான் ஆடிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள், "பாத்து ஆடுறதெல்லாம் பயந்தாங்கொள்ளி வேலைடா!" என்று அறிவித்துவிட்டு, சீட்டைத் தொடாமலே கட்ட ஆரம்பித்தார்.

மேசையே ஆடிப்போய்விட்டது. வில்லைகளை அள்ளி அள்ளி நடுவில் தள்ளுவார். நல்ல சீட்டு வைத்திருந்தவனெல்லாம் பயந்து மடக்கினான். எங்களில் சிறந்த ஆட்டக்காரர் காதர் பாய். டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தவர், முகத்தைப் பார்த்தே கையிலிருப்பதைச் சொல்லிவிடுகிறவர். அவரே திணறினார்.

"இந்த மனுசன் மூஞ்சில என்னத்தப் படிக்கிறது? அவருக்கே தெரியாததை நான் எங்கிட்டுப் போய்ப் படிக்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் மட்டும் யோசித்தேன். அலுவலகத்தில் யாருக்கும் தேவைப்படாத என் மூளை அந்த மேசையில் வேலை செய்தது! இப்படிக் கண்மண் தெரியாமல் ஆடுகிறவனை எப்படி வீழ்த்துவது? பொய்யாகக் கட்டி மிரட்டக் கூடாது. தன் கையில் என்ன இருக்கிறதென்றே தெரியாதவன் எதற்கு மிரளப் போகிறான்? பார்க்காத கை சராசரிக் கைதான். ஆகவே சுமாரான சீட்டையெல்லாம் கூசாமல் மடக்கிவிட்டு, நல்ல ஜோடி ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகும் ஏற்றக் கூடாது. பின்னாலேயே போக வேண்டும். ஏற்றுகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

காத்திருப்பது எனக்குக் கைவந்த கலை. வாழ்க்கையில் நான் வேறென்ன செய்தேன்?

இந்தக் கணக்கில் ஒரே ஓட்டை இருந்தது. அவர் என்றைக்காவது மனம் மாறி, சீட்டைப் பார்த்து ஆடத் தொடங்கிவிட்டால்? அந்தப் பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது... அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று காதர் பாய் விளையாட்டாகச் சீண்டினார். "ஒரு தடவை பாத்துத்தான் ஆடுங்களேன் சோலை. சீட்டு ஒண்ணும் உங்களக் கடிச்சிராது." எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அண்ணன் சீட்டை எடுத்தார். சன்னல் பக்கம் திரும்பினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு, "சீ, குப்பை!" என்று மடக்கி எறிந்துவிட்டார்.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுகிற முறை என்னுடையது. கலைப்பதற்காக எல்லாச் சீட்டையும் சேர்க்கும்போது அவர் எறிந்த மூன்றும் என் கையில் விரிந்தன.

மூன்றும் ராணி!

மூணு ராணியை மடக்கியவன் உலகத்தில் உண்டா? அதற்காக ஆயுசு முழுக்கக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. அவர் ஏன் புல்லட்டை விற்றுவிட்டு பஸ்ஸில் வருகிறார்... நிறுத்தத்தில் ஏன் பக்கத்தில் நிற்பவனிடம் "இது எந்த பஸ்ஸுப்பா?" என்று கேட்கிறார்... கையருகே வைத்த டீயை ஏன் தட்டிவிடுகிறார்... மண்டியில் கத்தரிக்காயைப் பார்க்காமல் ஏன் அழுத்தி அழுத்தித் தடவுகிறார்... அந்த ஒற்றைக் கண்ணும் மங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் இந்தத் துணிச்சல் வேஷம். ஆட்டம் முடிந்து திறக்கும்போது யாராவது ஒருவர் சீட்டை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். இவர் பார்க்கவே வேண்டியதில்லை.

நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எனக்கு இரக்கம் வந்திருக்கும் என்றுதானே?

முதலில் வந்தது நிம்மதி. ஆம், நிம்மதி! இந்த மனிதர் இனி ஒருபோதும் சீட்டைப் பார்க்கப் போவதில்லை. என் கணக்கின் ஓட்டை அடைபட்டுவிட்டது. அந்த மூன்று ராணிகளையும் கட்டுக்குள் செருகிக் கலைத்தேன்.

அதோடு விட்டேனா? அன்றிலிருந்து அவரைப் புகழ ஆரம்பித்தேன். "அண்ணன் தைரியம் நம்மள்ல யாருக்குய்யா வரும்?" என்று மேசைக்கு மேசை போய்ச் சொன்னேன். அவர் முகம் பூரிக்கும். பார்க்காமல் ஆடுவதை அவர் விட்டுவிடக் கூடாதே என்பதற்காக, ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பட்டத்தைப் புதுப்பித்தேன். கண் தெரியவில்லை என்று அவர் வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடிய வழியையும் அப்படியே அடைத்தேன். தைரியசாலி என்று பெயர் வாங்கிய மனிதன் எந்த முகத்தோடு போய், பயமாயிருக்கிறது என்று சொல்லுவான்?

போட்டி தொடங்கியது. அண்ணனும் நானும் காதர் பாயும் இன்னும் இருவரும் கடைசிச் சுற்றுக்கு வந்தோம். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம்.

அதற்கு முந்திய புதன்கிழமை சாயங்காலம், அண்ணன் மனைவி பஞ்சவர்ணம் மதினி கோச்சடையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, அவுகளுக்குக் கண்ணு தெரியல. வாய் தொறந்து சொல்ல மாட்டேங்காக. தட்டுல சோத்தைத் தடவுறாக... நான் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கேன். ஞாயித்துக்கெழம பரவைப் பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போடுறாங்களாம். பெரிய டாக்டருக எல்லாம் வாராகளாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக."

"நீங்களே சொல்லலாமே மதினி?"

"அவுகளப் பெத்த அய்யாவுக்கு இப்படித்தான் ஒரு முகாம்ல கத்தி வச்சு, கண்ணு அவிஞ்சு போச்சு. அதுலருந்து ஆஸ்பத்திரின்னாலே அவுகளுக்குக் கை காலு நடுங்கும். நான் பேச்செடுத்தா, எந்திரிச்சுப் போயிருவாக. உங்க மேல அம்புட்டு மதிப்பு வச்சிருக்காக தம்பி. உள்ளது அந்த ஒரு கண்ணுதான..."

ஞாயிற்றுக்கிழமை! வேறு கிழமையே கிடைக்கவில்லையா அவர்களுக்கு?

அவர் முகாமுக்குப் போய்விட்டால் கடைசிச் சுற்றில் இருக்க மாட்டார். மிச்சமிருக்கிற மூவரும் என்னைப் போலவே பொறுத்து ஆடுகிறவர்கள். காதர் பாயை நேருக்கு நேர் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. வில்லைகளை வாரி இறைக்க அண்ணன் அங்கே இருந்தாக வேண்டும். மதினி என் வீட்டில் கண்கலங்கி நின்றுகொண்டிருக்கும்போது, என் மனம் இந்தக் கணக்கைத்தான் போட்டது. நம்புகிறீர்களா? நம்புங்கள்.

"கட்டாயம் சொல்றேன் மதினி. நீங்க கவலப்படாமப் போங்க" என்றேன்.

மறுநாள் பரவைக்குப் போகத்தான் செய்தேன். மண்டியில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். அழைத்தபோது என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்வை என் தோளைத் தாண்டிப் போனது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், வாய்வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"அண்ணே, ஞாயித்துக்கெழம வந்துருவீகள்ல? நீங்க இல்லாம அது என்ன ஆட்டம்?"

சற்றுத் தயங்கினார். "அன்னைக்கு ஏதோ முகாமுன்னு ஊரே பேசுது... உங்க மதினிகூட ரெண்டு தடவை ஜாடையாச் சொன்னா. என்ன தம்பி செய்யலாம்?"

கேட்டீர்களா? அவரே கேட்டார்! என்னிடம் கேட்டார்! பயந்து நடுங்குகிற மனிதர், யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போக மாட்டார்களா என்று அவராகவே கையை நீட்டினார்.

"முகாம் என்னண்ணே, அடுத்த வருசமும் வரும். உங்களுக்கு என்ன கேடு? நல்லாத்தான இருக்கீக" என்றேன்.

அவர் முகத்தில் பரவிய நிம்மதியை நான் பார்த்தேன். என் கண் நன்றாகத் தெரிகிற கண்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் என் கணக்குப்படியே நடந்தது. அண்ணன் பார்க்காமல் கட்டிக் கட்டி மற்றவர்களைப் பதறவைத்தார். பொறுமை இழந்து அரைகுறைச் சீட்டோடு அவரை எதிர்த்த இருவர் எழுந்துபோனார்கள். பிறகு காதர் பாயும் போனார். நான் மடக்கினேன், மடக்கினேன், மடக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரும் நானும் மட்டும். என் கைக்கு ராஜா ஜோடி வந்தது. சத்தமில்லாமல் பின்தொடர்ந்தேன். அவர் ஏற்றினார், நான் இரட்டிப்பாக வைத்தேன், மறுபடி ஏற்றினார். மேசைவிளிம்பைத் தடவி, தன் வில்லைகள் தீர்ந்துவிட்டதை விரலால் கண்டுகொண்டதும் சிரித்தார்.

"திற தம்பி. என்ன வந்திருக்கு எனக்கு?"

நான்தான் திறந்தேன். ஒன்றுமில்லாத மூன்று சீட்டு. வாய்விட்டுச் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவரும் தட்டினார், எல்லோரையும்விடப் பலமாக. அதே நேரம் பரவைப் பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் டார்ச் விளக்கோடு ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

என் பெயரைப் பலகையில் எழுதினார்கள். மஞ்சள் எழுத்து. போய் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது... என்ன செய்வது, நன்றாகத்தான் இருந்தது!

ஐப்பசி அடைமழையில் அண்ணனுக்குக் கண்வலி வந்தது. சுவரில் தலையை முட்டிக்கொள்கிற வலி. மதினி ஆள் அனுப்ப, நான்தான் டாக்ஸி பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு எங்களை வெளியே அழைத்தார். புரை முற்றி உள்ளேயே கசிந்து, அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது என்றார். "கோடையிலேயே வந்திருந்தா, இது சாதாரண ஆப்பரேஷன். ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்.

மதினி என் பக்கம் திரும்பினார். இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இந்தத் தம்பி அம்புட்டு எடுத்துச் சொல்லியும் கேக்கலையே டாக்டர் அந்த மனுசன்!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது மண்டியை மதினிதான் நடத்துகிறார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து காயைத் தடவித் தரம் சொல்லுகிறார். நான் மாதத்துக்கு ஒருமுறையாவது போய்வருவேன். போகாமல் இருக்க முடியவில்லை. போகாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

சென்ற பங்குனியில் ஒருநாள் மதினி ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். அண்ணன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு. அன்னைக்குப் பாய் சீண்டி விட்டாருன்னு நான் சீட்டைப் பாத்துட்டு மடக்குனேன்ல? நீதான சீட்டுப் போட்ட. அந்த மூணையும் நீ எடுத்தப்ப சத்தம் நின்னு போச்சு. சீட்டைச் சேக்குற சத்தம். அப்பவே தெரியும் எனக்கு, உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

என் கை அவர் கைக்குள் இருந்தது. உருவிக்கொள்ள முடியவில்லை.

"ஆனா நீ ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. என்னைக் குருடன்னு காட்டிக் குடுக்கல. தைரியசாலின்னு பேரு குடுத்த. முகாமுக்குப் போன்னு சொல்லிக்கூட என் மனசை நோகடிக்கல. கூடப் பொறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான் தம்பி. கண்ணு போனது என் விதி. அதுக்கு நீ என்ன செய்வ?"

அவர் நன்றி சொன்னார். எனக்கு!

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். விதி நினைவுக்கு வந்தது. பார்த்தவன் கேட்கக் கூடாது. அவராகத் திறக்கட்டும் என்று இருந்தேன்... சரி, இதோ திறந்துவிட்டார். இனி என்ன சாக்கு?

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது என்ன சீட்டு தம்பி, அன்னைக்கு நான் மடக்குனது? பல நாளு அதையே யோசிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

"ஒண்ணுமில்லாத சீட்டுண்ணே. மடக்குனது சரிதான்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. இதையாவது அவருக்காகச் சொன்னேனா, இல்லை எனக்காகவா? இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் பேசினேன் என்று மனைவி நன்றி சொல்லுகிறார். பேசவில்லை என்று கணவன் நன்றி சொல்லுகிறார். அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர் மனம் நோகக் கூடாதென்று மதினி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மதினி அழக் கூடாதென்று அவரும் எடுப்பதில்லை. ஒருவருக்கொருவர் காட்டும் அந்தப் பரிவில்தான் நான் இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் சோறு பரிமாறும்போது ஒரு வார்த்தை தவறி விழுந்தால் போதும்.

விழ வேண்டும் என்று சில நாள் வேண்டிக்கொள்கிறேன். பரவையிலிருந்து ஆள் வந்தால் மட்டும், என்ன சேதியோ என்று கதவிடுக்கில் முதலில் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

நேற்றும் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். அண்ணன் தன் கையாலேயே தடவிப் பொறுக்கியதாம், பிஞ்சுக் கத்தரிக்காய், ஒரு பை நிறைய. வாங்கி உள்ளே வைத்தேன்.